வின்ஸ்லோ ஹோமரின் கடல்

ஆசிரியராகப் பணிபுரியும் நண்பர் ஒருவர் என் மேசையிற் கிடந்த ஓவிய நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் அவருடைய கை சிறிது நேரம் தரித்து நின்றது. “நல்ல படந்தான். ஆனால் இதிலே சமுதாயம் எங்கே இருக்கின்றது? ஒரு மனிதன், ஒரு தோணி, மற்றதெல்லாம் தண்ணீர்” என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1885இல் வரைந்த ‘மூடுபனி எச்சரிக்கை’ என்னும் படமாகும்.

நண்பரின் கேள்வி எளிதிலே தட்டிக்கழிக்கத் தக்கதன்று. யதார்த்தவாதம் என்றால் ஆலையும் வயலும் வேலைநிறுத்தமும் என்றும், கடலும் மலையும் வெறும் இயற்கைக் காட்சிகள் என்றும் பிரித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கலை கலைக்காகவே என்று வாதிப்போரும் இதே பிரிவினையை வேறொரு நோக்குடன் போற்றி வருகின்றனர். கடலோவியத்தை அவர்கள் மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையே நிகழும் நித்தியப் போராட்டத்தின் சித்திரம் என்று புகழ்ந்து, காலத்துக்கும் இடத்துக்கும் அப்பால் உயர்த்திவிடுவர். கடலுக்கு வரலாறு இல்லை என்று கருதுவதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். ஹோமரின் ஓவியங்களைச் சற்று நின்று பார்க்கும் எவரும் இக்கருத்தை ஏற்க முடியாது என்பது என் எண்ணம். அதே வேளை, அவ்வரலாற்றை ஹோமரே சில இடங்களில் அழித்துவிட்டார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

முதலில் நண்பர் பார்த்த படத்தையே எடுத்துக்கொள்வோம். எண்ணெய்த்துணி அணிந்த மீனவன் ஒருவன் சிறு தோணியொன்றிலே தனியாகத் தண்டு வலிக்கின்றான். தோணியின் பின்னணியத்திற் பெரிய ஹலிபட் மீன்கள் கிடக்கின்றன. அவற்றின் பாரத்தாற் பின்புறம் தாழ, முன்னணியம் அலைமேல் உயர்ந்து நிற்கின்றது. தண்டு வலிப்பவனுக்குத் தான் செல்லும் திசை முதுகுப் பக்கத்தில் இருப்பதால், அவன் தலையைத் திருப்பியே பார்க்க வேண்டும். அப்படித் திரும்பிப் பார்க்கின்றான். அடிவானத்திலே அவனுடைய தாய்க்கப்பல் சிறிதாகத் தெரிகின்றது. அதற்கப்பால் மூடுபனி கரிய கரையொன்று போல எழுந்து வருகின்றது. முகத்தில் அச்சம் எழுதப்பட்டிருக்கவில்லை. அவன் தூரத்தை அளந்துகொண்டிருக்கின்றான்.

அந்தத் தூரம் எவ்வாறு உண்டாயிற்று? நியூஇங்கிலாந்தின் குளோஸ்டர் போன்ற துறைமுகங்களிலிருந்து பாய்க்கப்பல்கள் நியூபவுண்லாந்துக்கு அப்பாலுள்ள கிராண்ட் பாங்ஸ் என்னும் ஆழங்குறைந்த மீன்திட்டுகளுக்குச் சென்றன. ‘டோரி’ எனப்படும் தட்டையடித் தோணிகள், கிண்ணங்களை அடுக்கியது போல, கப்பலின் மேற்றட்டில் ஒன்றினுள் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. அங்கு சேர்ந்ததும் ஒருவரோ இருவரோ ஏறிய டோரிகள் கப்பலைச் சுற்றி நாலா பக்கமும் அனுப்பப்பட்டன. நூற்றுக்கணக்கான தூண்டில்கள் கட்டிய நீண்ட கயிற்றைக் கடலடியில் இட்டு, பின்னர் அதனை இழுத்து, மீனைத் தோணியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். கப்பலின் ஓரத்திலிருந்து தூண்டில் போட்டால் ஆபத்துக் குறைவு, மீனும் குறைவு. ஒரே கப்பல் கூடிய பரப்பைத் துழாவுவதற்காகவே மனிதர் சிறு தோணிகளில் தூர அனுப்பப்பட்டனர். ஊதியமும் நாட்சம்பளமன்று, பிடித்த மீனின் பெறுமதியிற் பங்கு. கப்பலுக்குரிய பங்கை உடைமையாளர் எடுத்தது போக மிகுதியே மீனவரிடையே பிரிந்தது. சம்மாட்டிமாரின் கணக்கை அறிந்த நமது கரையூர் மக்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

இனிப் படத்தைத் திரும்பப் பாருங்கள். ஹலிபட் நூறு கிலோவுக்கு மேலும் வளரக்கூடிய மீன். அந்தப் பாரத்தைக் கடலில் தள்ளிவிட்டால் தோணி விரைந்து செல்லும். மூடுபனி வருமுன் கப்பலை அடையும் வாய்ப்புக் கூடும். ஆனால் அன்றைய கூலி அந்த மீன்தான். உயிரைக் காப்பதற்கு எதை எறிய வேண்டுமோ, அதை ஈட்டவே அவன் இவ்வளவு தூரம் வந்திருக்கின்றான். மீனின் பாரத்தையும், கப்பலின் தூரத்தையும், பனியின் வேகத்தையும் ஒரே பார்வையிலே காட்டும் இப்படத்திற் சமுதாயம் தோணியின் பின்னணியத்திலேயே கிடக்கின்றது என்று நண்பருக்குச் சொன்னேன். இப்படத்துக்கு ‘ஹலிபட் மீன்பிடி’ என்றொரு பெயரும் வழங்கியது. இரு பெயர்களுள் ஒன்று ஆபத்தைச் சொல்கின்றது. மற்றது தொழிலைச் சொல்கின்றது. அக்கடலில் இவை இரண்டும் ஒன்றே. குளோஸ்டர் துறைமுகம் 1879ஆம் ஆண்டில் மட்டும் 29 கப்பல்களையும் 249 மீனவரையும் இழந்தது.

இத்தகைய பார்வை ஹோமருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறிய அவருடைய தொழிற் பயிற்சியைக் கவனித்தல் வேண்டும். 1836இல் பொஸ்டன் நகரிற் பிறந்த அவர் ஓவியக் கல்லூரிகளில் உருவானவர் அல்லர். பத்தொன்பது வயதளவில் கல்லச்சுக்கூடம் ஒன்றிலே பயிலுநராகச் சேர்க்கப்பட்டார். பாட்டுப் புத்தகங்களுக்கு அட்டைப்படம் வரைவதே அங்கு வேலை. இளைஞர் அதனை அடிமைத்தனமாகவே உணர்ந்தார். தவணை முடிந்ததும் வெளியேறி, இனி எந்த எசமானுக்கும் கட்டுப்படுவதில்லை என்று உறுதி பூண்டார். பின்னர் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ என்ற வாரப் பத்திரிகைக்குப் படம் வரைந்தார். அடிமைமுறையை மையமாகக் கொண்டு 1861இல் மூண்ட உள்நாட்டுப் போர் அவரைப் படைமுகாம்களுக்குக் கொண்டுசென்றது.

அங்கு அவர் வரைந்த படங்களுள் ஒன்று, மரக்கிளையில் அமர்ந்து தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியாற் குறி பார்க்கும் வடபகுதிச் சிப்பாய் ஒருவனைப் பற்றியது. 1862இல் அது பத்திரிகையில் வெளிவந்தது. கொல்லப்படுபவன் படத்தில் இல்லை. பல்லாண்டுகள் கழித்து, 1896இல், ஹோமர் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதனை நினைவுகூர்ந்தார். அத்தகைய துப்பாக்கியின் தொலைநோக்கி வழியே தாமே ஒருமுறை பார்த்ததாகவும், அக்காட்சி தமக்கு ஏறக்குறையக் கொலையாகவே பட்டதாகவும் அவர் எழுதினார். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு மனிதனின் மனத்தில் அந்தப் பார்வை கிடந்து உறுத்தியிருக்கின்றது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றேன்.

போர் முடிந்த பின் அவர் வரைந்தவற்றுள் 1866ஆம் ஆண்டின் ‘முன்னணியிலிருந்து வந்த கைதிகள்’, 1876இன் ‘பழைய எசமானியின் வருகை’ ஆகிய இரண்டும் தனிக் கட்டுரைக்கு உரியன. பின்னதில் விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்கள் மூவர் ஒரு புறம். முன்பு அவர்களை உடைமையாக வைத்திருந்த வெள்ளைச் சீமாட்டி மறு புறம். ஒருத்தி இருக்கையிலிருந்து எழவேயில்லை. இருவகையினருக்கும் நடுவே விடப்பட்டுள்ள இடைவெளியில் ஒரு வரலாற்றுக் காலகட்டம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

கடல் அவருடைய முதன்மைப் பொருளானது இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள கலர்கோட்ஸ் என்ற மீனவர் கிராமத்திலே அவர் வாழ்ந்த காலத்திலாகும். 1881 வசந்தம் முதல் 1882 நவம்பர் வரை அங்கு தங்கினார். அதற்கு முன்னர் அவர் வரைந்த கடல் விடுமுறைக் கடலாகவே பெரிதும் இருந்தது. 1876இல் நிறைவெய்திய ‘காற்று எழுகிறது’ என்ற புகழ்பெற்ற படத்திற் சிறுவர் சிலர் நல்ல காற்றில் உல்லாசமாகப் பாயோட்டுகின்றனர். கலர்கோட்ஸில் அவர் கண்டவர் வேறு மனிதர். தூண்டிலுக்கு இரை சேர்ப்பதும், வலை பொத்துவதும், மீன்கூடையை முதுகிற் சுமந்து சென்று விற்பதும், கணவன்மாரின் தோணி திரும்பும்வரை கரையில் நிற்பதும் பெண்களின் வேலைகளாயிருந்தன. அப்பெண்களை ஹோமர் சிற்பம் போன்ற திண்மையுடன் வரைந்தார். 1881 ஒக்டோபரில் ‘அயன் கிரவுன்’ என்னும் கப்பல் அக்கரைக்கு அண்மையிற் சேதமுற்றபோது, மீட்புப் பணியை நேரிற் கண்டு சித்திரமாக்கினார்.

ஆயினும் இங்கே ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கலர்கோட்ஸ் உலகின் ஒதுக்குப்புறத்தில் இருந்த ஊரன்று. அது டைன் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகில் உள்ளது. நிலக்கரியும் கப்பல் கட்டும் தொழிலும் கொழித்த பிரதேசம் அது. புகைவண்டியில் உல்லாசப் பயணிகள் வந்திறங்கினர். நீராவிப் படகுகளால் இழுவலை இழுக்கும் முறையும் அருகிலுள்ள நோர்த் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் 1877இல் தொடங்கிவிட்டது. அவர் வரைந்த பாய்த்தோணி மீனவரின் வாழ்வை உண்மையில் நெருக்கிக்கொண்டிருந்தது அந்த நீராவிப் படகேயாகும். ஆனால் அவருடைய கலர்கோட்ஸ் படங்களில் மேலோங்கி நிற்பன புயலும் பாறையும் பெண்களுமே. நீராவியின் போட்டியை அவர் பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணுக்கு முன் நிற்பதை உள்ளவாறே தீட்டுதல் என்ற இயற்பண்பு, தெரிந்தெடுத்தலையும் உள்ளடக்கியதே. எதைத் தெரிந்தெடுக்கவில்லை என்று கேட்பது விமரிசகனின் கடமை.

1883இல் ஹோமர் நியூயோர்க்கை விட்டு மேய்ன் மாநிலத்திலுள்ள பிரவுட்ஸ் நெக் என்ற பாறைக்கரைக்குச் சென்றார். குதிரைவண்டிக் கொட்டகையாயிருந்த கட்டடமொன்றை ஓவியக்கூடமாக மாற்றி, இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவருடைய பெரும் படைப்புகளெல்லாம் அதன் பின்னர் எழுந்தவை. வேலை முறையும் குறிப்பிடத்தக்கது. ருசியக் கடலோவியர் ஐவசோவ்ஸ்கி, அசையும் அலையைத் தூரிகையால் நேரிற் பிடித்தல் இயலாது என்று கூறி நினைவிலிருந்தே தீட்டினார். அவருடைய கடலில் நிலவொளி வேண்டிய இடத்தில் விழும். ஹோமரோ இழுத்துச் செல்லக்கூடிய சிறு மரக்குடில் ஒன்றைச் செய்வித்து, புயற்காலத்தில் அதன் கண்ணாடிச் சாளரத்தினூடே பார்த்து வரைந்தார். ‘மூடுபனி எச்சரிக்கை’க்காக ஒரு டோரியை மணற்றிட்டிலே சாய்த்து வைத்து, ஊர் மீனவன் ஒருவனை அதில் இருத்தி வரைந்ததாகக் கூறுவர். அலையின் மேலே தோணி எவ்வளவு சாயும், சாய்ந்தால் மனிதனின் முதுகு எவ்வாறு வளையும் என்பதெல்லாம் அவருக்குச் செய்திகளாகவே இருந்தன. உடலுழைப்பின் இயக்கவியலை அறிந்தவன் வரைந்த மனிதர் இவர்கள்.

‘மூடுபனி எச்சரிக்கை’யின் துணைப்படமென்று சொல்லத்தக்கது அதே ஆண்டில் வரைந்த ‘கிராண்ட் பாங்ஸில் வழிதவறியோர்’. பனி வந்துவிட்டது, கப்பல் மறைந்துவிட்டது, டோரியில் இருவர் விளிம்பைப் பற்றியபடி ஒன்றுந் தெரியாத வெளியை உற்று நோக்குகின்றனர். 1998இல் இப்படத்தை மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான பில் கேட்ஸ் முப்பது மில்லியன் டொலருக்கு மேற்பட்ட விலைக்கு வாங்கியதாகப் பத்திரிகைகள் எழுதின. மீனிற் பங்குக்காக உயிரைப் பணயம் வைத்த இருவர் உலகின் பெருஞ்செல்வர் ஒருவரின் சுவரைச் சென்றடைந்தனர். இதற்கு ஹோமர் பொறுப்பாளி அல்லர் என்பது உண்மையே.

எனினும் அவர் பொறுப்பேற்க வேண்டிய ஒன்று உண்டு. ஹோமரின் பிற்காலக் கடலோவியங்களுள் ‘வடகீழ்க் காற்று’ தலையாயதென்று கருதப்படுகின்றது. பாறையின் ஓரம், உருண்டெழும் பச்சை அலை, வெடித்துச் சிதறும் வெண்ணுரை. மனிதர் எவருமில்லை. பிரெஞ்சு யதார்த்தவாதத்தின் தந்தையான கூர்பே 1869ஆம் ஆண்டளவில் வரைந்த அலைகளை இது நினைவூட்டும். தூய இயற்கை, தூய ஓவியம் என்று இதைப் போற்றாதவர் இல்லை. ஆனால் 1895இல் முதன்முதற் காட்சிக்கு வைக்கப்பட்டபோது இப்படம் இவ்வாறு இருக்கவில்லை. புயலுடை அணிந்த இருவர் அப்பாறைமேற் பதுங்கியிருந்தனர். 1901க்குள் ஹோமர் படத்தை மீண்டும் எடுத்து, அவ்விருவரையும் வண்ணத்தால் மூடி, நுரையைப் பெருக்கினார்.

படம் ஓவியமென்ற வகையிற் சிறந்துவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. அலையின் பாரம் முன்பைவிடக் கூடுதலாக நம்மேல் விழுகின்றது. ஆனால் எக்கரையில் இது நிகழ்ந்தது? ஹோமர் குடும்பம் பிரவுட்ஸ் நெக் நிலத்திற் பெரும்பகுதியை வாங்கி, மனைகளாகப் பிரித்து, கோடைகாலத்திற் காற்று வாங்க வரும் நகரத்துச் செல்வருக்கு விற்றுக்கொண்டிருந்தது. வின்ஸ்லோவும் அங்கு வீடுகளை வாடகைக்கு விட்டார். மீனவர் கரை படிப்படியாகக் கோடை மாளிகைகளின் கரையாக மாறியது. மாளிகையின் முற்றத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கடல் தொழிற்களமன்று, காட்சி. மனிதர் அழிக்கப்பட்ட ‘வடகீழ்க் காற்று’ அந்த முற்றத்துக்கு ஒவ்வாத படமன்று என்பதே என் தீர்ப்பு.

இவ்விடத்தில் நம்மவர் சிலருக்கு ஒரு வார்த்தை. நில வியாபாரத்தைச் சுட்டிக்காட்டிவிட்டால் ஓவியத்தை விளக்கியாயிற்று என்று அமைதி காணும் அவசரம் நமக்குக் கூடாது. கலைஞனின் வங்கிக் கணக்கிலிருந்து அவனுடைய அலையைக் கணித்துவிட முடியுமாயின் விமரிசனம் மிக எளிய தொழிலாகிவிடும். ஏனெனில், பாறைமேலிருந்த மனிதரை அழித்த அதே ஆண்டுகளில், அதே நிலத்தின் வருவாயிற் பங்கு கொண்ட அதே மனிதர், ‘வளைகுடா நீரோட்ட’த்தை வரைந்தார்.

1899ஆம் ஆண்டுக்குரிய அப்படத்திற் பாய்மரம் முறிந்த சிறு தோணியொன்று நடுக்கடலில் அலைகின்றது. கறுப்பின மனிதன் ஒருவன் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து கிடக்கின்றான். முன்னே சுறாக்கள், நீரிலே செந்நிறத் தெறிப்புகள், ஒரு புறம் கடலிலிருந்து மேலெழும் நீர்த்தம்பம். தூரத்தில் ஒரு கப்பல் மங்கலாகத் தெரிகின்றது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. தோணித் தட்டிலே சில கரும்புகள் கிடக்கின்றன. அந்தக் கரும்பைக் காணாதவர் படத்தைக் காணாதவரே. கரீபியத் தீவுகளுக்கு ஆபிரிக்க மக்கள் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டது பெரிதும் கரும்புக்காகவே. ஹோமர் 1884–85 குளிர்காலத்திற் சஞ்சிகையொன்றின் பணிக்காகப் பகாமாஸ் தீவுகளுக்குச் சென்றவர். மதிலுக்கு வெளியே நின்று உள்ளேயுள்ள தென்னையை அண்ணாந்து பார்க்கும் கறுப்பினச் சிறுவனை அங்கு நீர்வண்ணத்திலே தீட்டியவர். அவ்வனுபவம் இங்கு முதிர்ந்து நிற்கின்றது.

இன்னொரு தொடர்பும் உண்டு. 1781இல் ‘சோங்’ என்னும் அடிமைக் கப்பலிலிருந்து நூற்றுமுப்பதுக்கும் அதிகமான மனிதர், காப்புறுதிப் பணத்துக்காகக் கடலில் வீசப்பட்டனர். ஆங்கில ஓவியர் டேர்னர் 1840இல் தீட்டிய அடிமைக் கப்பல் ஓவியம் அக்கொடுமையோடு தொடர்புபடுத்திப் பேசப்படுவது. அது அமெரிக்காவுக்கு வந்து, 1899இலேயே பொஸ்டன் அரும்பொருட்சாலையின் உடைமையாயிற்று. டேர்னரிடம் அம்மனிதர் அலைகளிடையே கையும் காலுமாகச் சிதறிக் கிடக்கின்றனர். கண்ணைக் கவர்வது அந்திவானம். ஹோமரிடம் அம்மனிதன் படத்தின் நடுவில் இருக்கின்றான். அவனுக்கு முகம் உண்டு. நம்மிடம் இரக்கம் கோராத முகம். அமெரிக்கக் கறுப்பின அறிஞர் அலைன் லொக் 1936இல் எழுதும்போது, கறுப்பின மனிதனைப் பருத்திக் காட்டிலும் கொல்லைப்புறத்திலுமே நிறுத்தி வரைந்த வழக்கத்தை உடைத்த படம் இதுவென்று மதிப்பிட்டார்.

படம் 1900இற் காட்சிக்கு வைக்கப்பட்ட பின்னர் இதனையும் ஹோமர் திருத்தினார். தூரத்துக் கப்பல் அப்போதே சேர்க்கப்பட்டது. பார்த்தவர் பலர் மனங் கலங்கினர். அந்த மனிதனுக்கு என்ன நேர்ந்தது என்று விளக்கம் கேட்டனர். 1902இல் ஹோமர் தம் வணிக முகவருக்குக் கடுகடுப்புடன் பதில் எழுதினார்: படத்தின் பொருள் அதன் பெயரிலேயே இருக்கின்றது, அவ்வளவு கவலைப்படும் சீமாட்டிகளுக்கு, அவன் மீட்கப்பட்டு வீடு சென்று நலமாக வாழ்வான் என்று சொல்லிவிடுங்கள், என்பது அதன் சாரம். சேர்த்த கப்பலை ஆறுதலென்று சிலர் கொள்வர். நான் அவ்வாறு கருதவில்லை. ஒளி படிந்த அப்பாய்க்கப்பல் அடிவானத்திலே தன் வழியிற் போய்க்கொண்டிருக்கின்றது. உலக வாணிகமும் அவ்வாறே அம்மனிதனைக் கடந்து சென்றது. 1906இல் நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அரும்பொருட்சாலை இப்படத்தை வாங்கியது. 2022இல் அங்கு நடைபெற்ற ஹோமர் கண்காட்சி இப்படத்தையே மையமாகக் கொண்டிருந்தது. நூறாண்டுக்கு மேலாகியும் அப்படகு கரை சேரவில்லை.

ஹோமரின் கடலோவியங்களில் கப்பலின் உடைமையாளன் வந்ததில்லை. மீன் வணிகனோ காப்புறுதிக்காரனோ தலைகாட்டவில்லை. அவர்களை வரையாதது குறையே. ஆனால் அவர்கள் நிர்ணயித்த தூரத்தையும் பாரத்தையும் வரையாமல் அவராற் கடலை வரைய முடியவில்லை; அவற்றை அழித்த இடத்தில் நுரை பெருகியது.

இறப்பதற்கு முந்திய ஆண்டில், 1909இல், ‘வலமும் இடமும்’ என்ற படத்தை வரைந்தார். சாம்பல் நிறக் கடலின் மேலே இரு வாத்துகள். வேட்டைக்காரனின் இரட்டைக்குழல் துப்பாக்கி அவற்றை நோக்கி வெடித்திருக்கின்றது. வேட்டைக்காரனை முதலில் எவரும் காண்பதில்லை. அலைகளுக்கிடையே, வெகு தூரத்தில், ஒரு சிறு தோணியில் அவன் நிற்கின்றான். துப்பாக்கி முனையில் ஒரு செம்பொறி. பார்ப்பவராகிய நாம் பறவைகளோடு ஆகாயத்தில் இருக்கின்றோம். குழல் நம்மை நோக்கியே நிற்கின்றது. 1862இல் மரக்கிளையிலிருந்து குறி பார்த்தவனின் பக்கத்தில் அமர்ந்து வரைந்தவர், நாற்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர் மறுபக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றார். 1910 செப்டெம்பர் 29ஆம் நாள் பிரவுட்ஸ் நெக்கில், தம் ஓவியக்கூடத்திலேயே, காலமானார்.

நண்பர் அந்த நூலை இரவலாகக் கொண்டுசென்று மூன்று மாதமாகின்றது. இன்னும் திருப்பித் தரவில்லை.